திதி மெயில் நின்ற ஐப்பசி

துவாக்குடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் செல்வி போன வாரம் கூப்பிட்டாள். ஒரு காலத்தில் நானும் அவளும் ஒரே சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்தவர்கள். "நஸீர் அண்ணே, வீட்டுல கம்ப்யூட்டர் வச்சிருக்கவங்களுக்கு ஒரு பத்து டிப்ஸ் எழுதித் தாங்க. பிரிண்ட் போட்டு வாசல்ல ஒட்டிடறேன். ஒரே கேள்விக்கு நாள் பூரா பதில் சொல்லி வாய் வலிக்குது" என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தால்தானே? வேலையை விட்டதிலிருந்து என் கை கால் எதுவும் என் பேச்சைக் கேட்பதில்லை. முட்டி தேய்ந்துவிட்டது, மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதால் நிறுத்தினேனே தவிர, மனசு இன்னும் ஸ்கூட்டரில்தான் இருக்கிறது. போன மாதம் மிக்ஸியைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். அது அதற்கு முன்னும் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றால்தான் ஓடுகிறது. "சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. செத்த நேரம் உக்காருங்களேன்" என்கிறாள் என் மனைவி ஆயிஷா.

உட்கார்ந்தேன். சிபியூ மேல் துணி போட்டு மூடாதீர்கள், அதற்கும் காற்று வேண்டும் என்று ஒன்று எழுதினேன். பேங்க்கிலிருந்து பேசுகிறோம் என்று யார் சொன்னாலும் ஓடிபி சொல்லாதீர்கள் என்று இன்னொன்று. வாரம் ஒரு தடவை ஸ்பாம் பெட்டியைத் திறந்து பாருங்கள், நல்ல மெயிலும் வழி தவறி அங்கே போய் விழுந்திருக்கும் என்று ஒன்று. அடுத்ததாக, போன் நம்பரை மாற்றினால் மெயில் அக்கவுண்டிலும் மறக்காமல் மாற்றுங்கள் என்று எழுதியதும் எழுந்துவிட்டேன். வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். இந்த ஒரு வரிக்குப் பின்னால் ஸ்ரீரங்கத்து வரதாச்சாரி சார் இருக்கிறார். அவரைச் சொல்லாமல் அந்த வரியை மட்டும் எழுதிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அவரைச் சொல்வதற்கு முன் சகுந்தலா மேடத்தைச் சொல்லவேண்டும்.

நான் பாலக்கரைக்காரன். டிவி ரிப்பேர் கற்றுக்கொண்டேன், கொஞ்ச நாள் டேப் ரெக்கார்டர் பார்த்தேன், எல்லார் வீட்டிலும் கம்ப்யூட்டர் வந்ததும் அதற்குத் தாவினேன். படித்துக் கற்றதைவிடக் கெடுத்துக் கற்றது அதிகம். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் சகுந்தலா மேடம் நடத்திய சர்வீஸ் சென்டரில் சேர்ந்த பிறகுதான் நான் மனுஷனானேன்.

மேடத்தின் வீடு கைலாசபுரம் டவுன்ஷிப்பில். கணவருக்கு ஃபாக்டரியில் வேலை. அங்கே இருந்த குடும்பங்களின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக் கொடுத்துத்தான் இவர் தொழிலை ஆரம்பித்தார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ரிப்பேர் என்று போன் வந்தால் ஒரே ஒரு கேள்வி: "கடைசியா என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" எதிர்ப்பக்கம் எப்போதும் ஒரே பதில்தான் வரும், ஒண்ணுமே பண்ணலைங்க என்று. மேடம் போனைக் காதில் வைத்தபடி பேனா மூடியைத் திறந்து மூடுவார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமே, "இல்ல, ஒரு மெயில் வந்துச்சு, பரிசு விழுந்திருக்குன்னு, சும்மா ஒரு தடவை தொட்டுப் பார்த்தோம்" என்று இறங்கி வரும்.

அவருடைய இன்னொரு சட்டம் எனக்குப் பெரிய தண்டனை. வீட்டுக்குப் போனால் மவுஸை நாம் தொடக்கூடாது. நாற்காலியில் வீட்டுக்காரர்தான் உட்காரவேண்டும், நாம் பக்கத்தில் நின்று வழி மட்டும் சொல்லவேண்டும். எனக்கோ கை அரிக்கும். ஒருவர் அம்புக்குறியை மூலையிலிருந்து மூலைக்குத் தேடி நகர்த்துவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைப் போலக் கொடுமை உலகத்தில் இல்லை. சேர்ந்த புதிதில் ஒரு வீட்டில் மவுஸைப் பிடுங்கி டக்கென்று சரிசெய்துவிட்டு வந்தேன். மறுநாள் அதே வீட்டிலிருந்து அதே புகார். மேடம் என்னையே திரும்ப அனுப்பினார். "நீ சரி பண்ணிட்ட நஸீர். அவங்களுக்கு ஒண்ணும் தெரியலையே. போ, போய் நின்னுட்டு வா" என்றார்.

நின்றேன். எத்தனையோ வீடுகளில் நின்றேன். மண்ணச்சநல்லூரில் ஒரு ரைஸ் மில் ஆபீஸ். லேப்டாப்பில் பேசினால் முகம் தெரியவில்லை, கும்மிருட்டு என்று கூப்பிட்டார்கள். ஆயுத பூஜை முடிந்து இரண்டாம் நாள். அரிசி மூட்டைக்கும் மெஷினுக்கும் பொட்டு வைத்த கையோடு லேப்டாப்புக்கும் வைத்திருந்தார்கள். நெற்றிக்கு நடுவில் வைக்கவேண்டுமல்லவா? சரியாகக் கேமராவின் மேல் சந்தனம், அதன் மேல் குங்குமம். மில்காரரிடம் சொன்னேன். "அழிச்சுடலாமா பாய்? ஒண்ணும் ஆகாதே?" என்று பயந்து கேட்டார். சாமி கோபித்துக்கொள்ளாது என்று ஒரு முஸ்லிம் உறுதிமொழி கொடுத்த பிறகுதான் ஈரத்துணியால் துடைத்தார். துடைத்ததும் அவர்தான், நான் இல்லை.

வரதாச்சாரி சாரும் அப்படி நான் நின்ற வீட்டுக்காரர்தான். ரயில்வேயில் கணக்குப் பிரிவில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். உத்திர வீதியில் ஒரு அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில் தனியாக இருந்தார். அவர் மனைவி, எல்லாருக்கும் மாமி, தவறிச் சில வருஷம் ஆகியிருந்தது. முதல் தடவை போனபோது அவருடைய மெயில் பெட்டி குப்பையால் வழிந்தது. கடன் தருகிறேன், முடி வளரவைக்கிறேன், வெளிநாட்டு ராஜகுடும்பத்துச் சொத்தில் பங்கு தருகிறேன் என்று ஒரே கூட்டம். இத்தனை எப்படி வந்தது என்று அனுப்பியவை பக்கம் போகச் சொன்னேன். எனக்குத் தலை சுற்றியது. ஒவ்வொரு ஸ்பாமுக்கும் மனுஷன் பதில் போட்டிருந்தார். 'தங்கள் கடிதம் கிடைத்தது. தற்சமயம் தேவையில்லை. நமஸ்காரம்.'

"சார், இதுக்கெல்லாமா பதில் போடுவாங்க?"

"வந்த கடுதாசிக்குப் பதில் போடாம இருக்கப்படாது பாய். ஆபீஸ்ல அப்படித்தான் பழக்கம்."

"பதில் போட்டா, இந்த வீட்டுல ஆள் இருக்காங்கன்னு அவன் தெரிஞ்சுக்கறான் சார். இன்னும் பத்து பேரைக் கூட்டிட்டு வருவான்."

ஒருவழியாக அதை நிறுத்தினேன். இன்னொன்றை நிறுத்த முடியவில்லை. தினமும் விடிந்ததும் அவர் ஒரு மெயில் அனுப்புவார். இன்றைய திதி, நட்சத்திரம், கோயிலில் என்ன உற்சவம், பெருமாள் எந்த வாகனத்தில் புறப்பாடு என்று சுருக்கமாக நாலு வரி. உறவுக்காரர்கள், பழைய ரயில்வே நண்பர்கள், அவர்களுடைய மருமகன்கள் என்று நூற்றுக்கணக்கான பேருக்கு ஒரே மெயில், எல்லா முகவரியும் ஒரே இடத்தில் வரிசையாக. அவருக்கு அறிமுகமானவன் என்பதால் எனக்கும் அது வரும். ஏகாதசி என்றைக்கு என்று பாலக்கரையில் எனக்குத்தான் முதலில் தெரியும். இப்படிக் கும்பலாக அனுப்பினால் மெயில் கம்பெனிக்காரன் உங்களையே ஸ்பாம் ஆசாமி என்று நினைத்து முடக்கிவிடுவான் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். "பகவத் விஷயம் பாய். அதை யார் குப்பைம்பா?" என்றார்.

முடக்கிவிட்டான். நான் வேலை பார்த்த கடைசி வருஷத்து ஐப்பசி அது. நல்ல மழை. காவிரி இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. சார் கூப்பிட்டார் என்று பாலத்தில் நனைந்துகொண்டே போய்ச் சேர்ந்தேன். சார் நாற்காலியில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். குடிக்கத் தீர்த்தம் வேணுமா என்று வழக்கமாகக் கேட்பவர் அன்று கேட்கவில்லை.

"பாய், உள்ளயே விடமாட்டேங்கறான். நீ நீதானான்னு கேக்கறான்."

பயப்படும் விஷயமில்லை. அக்கவுண்டில் பதிந்து வைத்த போனுக்கு ஒரு கோடு, அதாவது ஓடிபி மாதிரி ஒரு ரகசிய எண், அனுப்புவான், அதைப் பார்த்துப் போட்டால் திறந்துவிடும். திரையில் போன் நம்பரின் கடைசி இரண்டு எண் மட்டும் தெரிந்தது. அது அவருடைய நம்பர் இல்லை.

"ஆத்துக்காரியோடது" என்றார். மாமி போன பிறகு யாரும் அதற்குப் பணம் கட்டவில்லை. எதற்கும் பார்ப்போம் என்று முழு நம்பரையும் சாரிடம் கேட்டு என் போனில் போட்டேன். அரியலூர்ப் பக்கமிருந்து யாரோ ஒருவர் எடுத்து, "யாருங்க வேணும்?" என்றார். நம்பர் கைமாறிப் போயிருந்தது. ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன். சார் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். போடாமல் இருந்திருக்கலாம் என்று எனக்கு ஆகிவிட்டது.

இன்னொரு வழி இருந்தது. மீட்பு மெயில் என்று ஒரு முகவரி பதிந்திருக்கும், கோடு அதற்குப் போகும். அதை அழுத்தச் சொன்னேன். முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் மட்டும் தெரிய, நடுவில் எல்லாம் புள்ளியாக ஒரு முகவரி வந்தது. அதன் கீழே 'கோடு அனுப்பு' என்று ஒரே ஒரு நீலப் பொத்தான்.

சார் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"இது யாரோடது சார்?"

"ரகுவோடது. அவன்தானே இதை எனக்கு வெச்சுக் குடுத்தான்."

ரகு அவருடைய ஒரே பிள்ளை. டொரண்டோவில் இருக்கிறான் என்று மட்டும் எனக்குத் தெரியும். மீதியை அன்று சொன்னார். மாமி திடீரென்று தவறியபோது ரகு அங்கே நிரந்தரமாகத் தங்குவதற்கான காகிதங்கள் எல்லாம் அரசாங்க ஆபீஸில் இருந்தன. கிளம்பினால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்ற நிலை. அவன் வரவில்லை. கொள்ளி வைத்ததிலிருந்து பன்னிரண்டாம் நாள் வரை எல்லாவற்றையும் அண்ணன் பிள்ளை செய்தான். போனில் ரகு அழுதிருக்கிறான். இவர், "இனிமே நீ வந்து என்ன ஆகணும்?" என்று கேட்டு வைத்துவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசவில்லை.

எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. அந்தத் தினசரி மெயிலின் அடியில் எப்போதும் ஒரு வரி இருக்கும், டொரண்டோவில் திதி எப்போது ஆரம்பித்து எப்போது முடிகிறது என்று. சும்மா ஒரு பெருமைக்குப் போடுகிறார் என்று நினைத்திருந்தேன்.

"அவனுக்காகத்தான் இத்தனை பேருக்கு அனுப்பறீங்களா சார்?"

"ஆத்துக்காரி போனது ஐப்பசி, தேய்பிறை நவமி. வருஷா வருஷம் பிள்ளை ஸ்ராத்தம் பண்ணணும். இங்கத்திய காலண்டரைப் பார்த்து அங்க பண்ணினா நாள் தப்பிப் போயிடும் பாய். இந்தத் தடவை இங்க வியாழக்கிழமை, அங்க புதன்கிழமையே வந்துடறது. அது அவனுக்குத் தெரியாது."

"அப்ப அவனுக்கு மட்டும் ஒரு வரி எழுதிப் போடுங்க. என் போன்லேருந்தே அனுப்பித் தரேன்."

"அது நான் அவனுக்கு எழுதின மாதிரி ஆயிடும்."

எனக்கு வந்ததே கோபம். பொத்தான் எதிரே இருக்கிறது. ஒரு தட்டு. வேறு யார் வீடாக இருந்தாலும் மேடமாவது சட்டமாவது என்று நானே அழுத்தியிருப்பேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்த அறைக்குள்ளேயே நடந்தேன். வாய் மட்டும் நிற்கவில்லை. "முன்ன பின்ன தெரியாத கடன்காரனுக்கெல்லாம் நமஸ்காரம் போட்டீங்க. பெத்த பிள்ளைக்கு எழுதத்தான் கை கூசுதா?" என்று கேட்டேவிட்டேன்.

சார் எழுந்து நின்றார். "பாய், நீங்க கிளம்புங்கோ" என்றார்.

கிளம்பினேன். அப்படிக் கேட்டது தப்பு என்று நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. பாலத்தில் பஸ் அடித்த தண்ணீர் முழுக்க என் மேல்தான். கடைக்குப் போய் மேடத்திடம் கொட்டித் தீர்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பொத்தானை நீ அழுத்தலைல்ல?" என்றார். இல்லை என்றேன். "அப்ப அவரு கூப்பிடுவாரு. போன் வந்தா கையில இருக்க வேலையைப் போட்டுட்டு ஓடு" என்றார்.

கூப்பிடவில்லை. என் போனில் காலையில் திதி வருவதில்லை. அது வராமல் எனக்கே என்னவோ போல இருந்தது. ஸ்ரீரங்கத்தில் வேறு ரிப்பேர் வந்தால் நான் போகிறேன் என்று முந்திக்கொண்டு ஓடினேன். உத்திர வீதி வழியாக வேண்டுமென்றே சுற்றிப் போய் அந்த இரண்டாம் மாடியைப் பார்த்துவிட்டு வந்தேன். தீபாவளிக் கூட்டம் ஆரம்பித்துவிட்டது. எந்த வீட்டுக்குப் போனாலும் 'தீபாவளிப் பரிசு' என்று வந்த மெயிலைத் தொட்டுக் கெடுத்துக்கொண்டவர்கள். அவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தேன். நவமிக்கு இன்னும் எத்தனை நாள் என்று வீட்டில் நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு ஆயிஷா, "உங்களுக்கு என்னங்க அதுல?" என்றாள். எனக்கு என்ன அதில் என்று எனக்கும் தெரியவில்லை. ஒரு பிள்ளை தன் தாய்க்குச் செய்யவேண்டியதை நாள் தெரியாமல் தவறவிடப் போகிறானே என்று தாங்கமுடியாமல் இருந்தது. என் அம்மாவுக்கு ஃபாத்திஹா ஓதும் நாளை யாராவது எனக்குச் சொல்லாமல் விட்டால் நான் சும்மா இருப்பேனா?

செவ்வாய்க்கிழமை காலையில் நாஷ்டாவுக்கு உட்கார்ந்தபோது போன் அடித்தது.

"பாய், வரமுடியுமா? அந்தப் பொத்தான் எங்க இருக்குன்னு மறந்துடுத்து."

அந்தத் திரையில் அந்தப் பொத்தானைத் தவிர வேறு எதுவுமே கிடையாது. தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன்.

சார் குளித்துத் திருமண் இட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் தயாராக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் செல்போன். நான் போய் நின்றதும் அழுத்திவிட்டார். 'கோடு அனுப்பப்பட்டது' என்று வந்தது. கொஞ்ச நேரம்தான் அது செல்லும், அதற்குள் போடவேண்டும் என்று சொன்னேன்.

"அவன் பார்க்கணுமே" என்றார்.

"அங்க இப்ப திங்கக்கிழமை ராத்திரிதான் சார். தூங்கியிருக்கமாட்டாங்க. நீங்க கூப்பிடுங்களேன்."

அவர் போனை எடுக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் பால்கனிக்குப் போனேன், திரும்பி வந்தேன். மின்விசிறியைக் கூட்டினேன், குறைத்தேன். மறுபடி பால்கனிக்குப் போய்க் கீழே நிறுத்தியிருந்த ஸ்கூட்டரைப் பார்த்தேன். அல்லாவே, அந்தப் பிள்ளை மெயிலைப் பார்க்கட்டும் என்று வாய்விட்டே சொன்னேன். உள்ளே போன் அடித்தது.

சாருக்குக் காது கொஞ்சம் மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். இரண்டாம் தடவை தட்டித்தான் எடுக்க முடிந்தது.

"அப்பா?" என்றது அந்தக் குரல். "உங்க அக்கவுண்டுக்கு யாரோ கோடு கேட்டிருக்கான்னு வந்திருக்கு. நீங்கதானா?"

"நான்தான்."

சார் போனை இன்னும் கிட்டே இழுத்து வைத்துக்கொண்டார்.

"திதி வரதே நின்னுடுத்தேப்பா. நான் என்னென்னமோ நெனச்சுண்டேன். யாரைக் கேக்கறதுன்னு தெரியலை."

"முடக்கிப்டான்டா. நெறைய பேருக்கு அனுப்பறேனாம்." சார் போன் பக்கம் குனிந்தார். "ரகு, நவமி உனக்குப் புதன்கிழமை. வியாழன்னு நெனச்சுண்டு இருந்துடாதே."

"வியாழன்னுதானே பண்ணி வெக்கற வாத்யார்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்?"

"மாத்திச் சொல்லு. இப்பவே சொல்லு. இங்கதான் வியாழன்."

"சரிப்பா. ஒவ்வொரு வருஷமும் உங்க மெயில் பார்த்துத்தான் பண்ணிண்டிருந்தேன். இந்தத் தடவை அது இல்லையா, காலண்டரைப் பார்த்துட்டேன்."

சார் கண்ணாடியைக் கழற்றினார். "ஒவ்வொரு வருஷமும் பண்றயா?"

"பண்றேன்ப்பா."

"திருக்கண்ணமுது யார் பண்றா?" என்றார். பாயசத்தை அவர்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள்.

"நான்தான். அம்மா மாதிரி வராது. குங்குமப்பூ எப்பப் போடுவான்னு தெரியாது, ஏதோ போடறேன்."

"இறக்கறதுக்கு முன்னாடி. பால்ல கரைச்சுட்டுப் போடணும். அப்படியே போட்டா நிறம் வராது" என்றார் சார். அப்புறம் அரிசி எவ்வளவு, பால் எவ்வளவு என்று போனது. அங்கே மழையா, பனி ஆரம்பித்துவிட்டதா என்று போனது. அங்கே எந்த அரிசி கிடைக்கிறது என்று போனது. நான் சுவரோரமாக நின்றேன். இவ்வளவு நேரம் அசையாமல் நான் எங்கேயும் நின்றதில்லை.

திரையில் எழுத்து மாறியிருந்தது. கோட்டின் நேரம் முடிந்துவிட்டது, மறுபடி அனுப்பவா என்று கேட்டுக்கொண்டிருந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கிவிட்டு, மெல்லச் சாரின் தோளைத் தொட்டுக் காட்டினேன்.

அவர் திரையைப் பார்த்தார். "ரகு, நேரம் போயிடுத்தாம்டா. மறுபடியும் அனுப்பணுமாம். நீ வெச்சுடு, வந்தவுடனே பார்த்துட்டுக் கூப்பிடு" என்று சொல்லி மவுஸ் பக்கம் கையைக் கொண்டுபோனார். பாதியில் அந்தக் கை நின்றது.

"இல்லை" என்றார். "வைக்காதே."